பழைய டெர்மினல் திரை எரியவில்லையா? ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன்

என்னிடம் வந்த முதல் விடி100 டெர்மினலைச் சுவிட்ச் போட்டதும் 'பீப்' என்றது. (டெர்மினல் என்பது வேறொரு கணினியோடு கம்பி வழியாகப் பேசும் திரையும் கீபோர்டும்.) கீபோர்டில் விளக்குகள் ஒருமுறை மின்னின. திரை மட்டும் கரிப்பலகை மாதிரி கிடந்தது. பிக்சர் டியூப் போய்விட்டது என்று நானே தீர்ப்பு எழுதி, இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து மூடியைக் கழற்றி, நாலைந்து கெப்பாசிட்டரையும் மாற்றினேன். ஒன்றும் மாறவில்லை. மூன்றாம் நாள் கையேட்டைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது: அந்த டெர்மினலில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வெளியே திருகு எதுவும் கிடையாது. அமைப்புகளை மாற்றும் திரையைத் திறக்கும் செட்-அப் விசையை அழுத்திவிட்டு, மேல் அம்புக்குறியைத் தட்ட வேண்டும். தட்டினேன், எழுத்து எழும்பி வந்தது. முன்னால் வைத்திருந்தவர் வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கி, அதையே நினைவகத்தில் சேமித்துவிட்டுப் போயிருக்கிறார்.

எழுத்து வந்த சந்தோஷத்தை விட, இரண்டு நாளாகப் பல ஆயிரம் வோல்ட் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் காரணமில்லாமல் கையை விட்டுக்கொண்டிருந்தேனே என்ற பயம்தான் அன்று பெரிதாக இருந்தது. அதனால் இந்த வழிகாட்டியில் மூடியைத் திறப்பது பாதிக்குப் பிறகுதான் வரும். முதல் தடவை பழைய டெர்மினலை மேசையில் வைத்துக்கொண்டு யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் 1978-இல் வெளியிட்ட விடி100, 1983-இல் வந்த விடி220 இரண்டையும் ஒட்டியே இருக்கும். அடிப்படை முறை மற்ற கண்ணாடிக் குழாய் டெர்மினல்களுக்கும் பொருந்தும்.

ஒரு பெட்டிக்குள் இரண்டு இயந்திரம்

டெர்மினல் என்பது ஒரு சின்னக் கணினியும் ஒரு கருப்பு-வெள்ளை டிவியும் ஒரே கூட்டில் குடித்தனம் நடத்தும் பொருள். விடி100-இன் கணினிப் பாதியில் இருப்பது இன்டெல் 8080. அது சீரியல் கம்பி வழியாக வரும் எழுத்துகளை வாங்கி, நினைவகத்தில் வரிசைப்படுத்தி, எந்தப் புள்ளி எரிய வேண்டும் என்ற சிக்னலை டிவிப் பாதிக்கு அனுப்புகிறது. டிவிப் பாதி அதைப் பிக்சர் டியூபில் வரைகிறது. இரண்டுக்கும் சாப்பாடு போடுவது பவர் சப்ளை.

கோளாறு இந்த மூன்றில் எதில் என்று கண்டுபிடித்துவிட்டாலே வேலை பாதி முடிந்தது. பீப் ஒலி வந்தால், கீபோர்டு விளக்குகள் ஒழுங்காக எரிந்து அணைந்தால், கணினிப் பாதி பெரும்பாலும் உயிரோடு இருக்கிறது. டியூபின் கழுத்துப் பக்கம் ஆரஞ்சு ஒளி தெரிந்தால், மெல்லிய கீச்சொலி கேட்டால், டிவிப் பாதியில் ஏதோ ஓடுகிறது.

ஒரு சிக்கலை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டிவி வேலை தெரிந்தவர்களே இதில் வழுக்குவார்கள். வீட்டு டிவியில் ஆன்டெனாவைப் பிடுங்கினாலும் திரை வெள்ளையாக எரியும், ஏனென்றால் கோடு வரையும் துடிப்பைத் தரும் ஆசிலேட்டர் அதற்குள்ளேயே இருக்கிறது. விடி100 போன்ற டெர்மினல்களில் அந்தத் துடிப்பு கணினிப் பாதியிலிருந்துதான் வருகிறது. அது வராவிட்டால் உயர் மின்னழுத்தம் உண்டாகாது, திரையும் எரியாது. அதாவது கணினிப் பாதி செத்தால் டிவிப் பாதியும் செத்த மாதிரியே நடிக்கும். திரை இருட்டு என்பதை வைத்து டியூபைப் பழி சொல்லாதீர்கள்.

பிளக்கைச் சொருகும் முன்

பல வருடம் தூங்கிய பெட்டியை உடனே கரண்டில் சொருகுவதுதான் நம் கை அரிப்பு. பத்து நிமிஷம் பொறுங்கள்.

முதலில் பின்பக்கத்து லேபிளைப் படியுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்தது 115 வோல்ட்டுக்கு வைக்கப்பட்டிருக்கலாம். நம் 230-இல் சொருகினால் ஒரு நொடியில் பவர் சப்ளை புகையும். மின்னழுத்தம் மாற்றும் சுவிட்ச் இருந்தால் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். இல்லாவிட்டால் இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

பெட்டியை மெதுவாக ஒரு பக்கம் சாய்த்துக் கேளுங்கள். உள்ளே எதுவும் உருண்டால் அது கழன்ற ஸ்க்ரூவாகவோ உடைந்த துண்டாகவோ இருக்கும், அதை எடுக்காமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது. காற்றுத் துளைகளில் மூக்கை வைத்து முகருங்கள். மீன்வாடை அடித்தால் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் ஏதோ கசிந்திருக்கிறது. கருகல் வாடையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்புறம் சீரிஸ் பல்ப். பழைய டிவி மெக்கானிக் கடைகளில் மேசையோரம் ஒரு ஹோல்டரில் மஞ்சள் பல்ப் தொங்குமே, அதேதான். 100 வாட் இழை பல்பை டெர்மினலுக்குத் தொடராக இணைத்து மின்சாரம் கொடுங்கள். எல்இடி பல்ப் இதற்கு உதவாது. சுவிட்ச் போட்டதும் பல்ப் ஒருமுறை மின்னி மங்கினால் நல்ல அறிகுறி. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். உடனே அணையுங்கள், ஃபியூஸும் நீங்களும் தப்பித்தீர்கள். பல்ப் அரைகுறையாக விட்டுவிட்டு எரிந்து டெர்மினல் 'டிக் டிக்' என்றால் குழம்ப வேண்டாம். சுவிட்ச்மோடு பவர் சப்ளைக்கு பல்ப் வழியாகப் போதிய கரண்ட் கிடைக்காவிட்டாலும் அப்படித் தடுமாறும். ஷார்ட் இல்லை என்று உறுதியான பிறகு பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுங்கள்.

முதல் அரைமணி நேரம் அறையை விட்டு நகராதீர்கள். 1980-களின் பவர் சப்ளைகளில் மின்சாரம் உள்ளே வரும் இடத்தில் மஞ்சள் நிறத்தில், ஒளி ஊடுருவும் உறையோடு சில கெப்பாசிட்டர்கள் இருக்கும். உறைக்குள் காகிதம். வருடங்கள் போகப் போக உறையில் மயிரிழை வெடிப்புகள் விழுந்து ஈரம் புகும். வேலை செய்துகொண்டிருக்கும்போதே 'பட்' என்று வெடித்து அறை முழுக்கப் புகை கக்கும். டெர்மினல் அதனால் கெடுவதில்லை, நீங்கள்தான் நாற்காலியோடு பின்னால் விழுவீர்கள். வெடிப்பு தெரிந்தால் முன்கூட்டியே அதே மதிப்புள்ள புது எக்ஸ்2 வகையை மாற்றிவிடுவது நல்லது.

திறக்காமலே செய்யக்கூடிய சோதனைகள்

சுவிட்ச் போட்டு ஒரு நிமிஷம் விடுங்கள். டியூபின் ஹீட்டர் சூடேற நேரமாகும்.

காதைத் தீட்டுங்கள். விடி100 ஒரு நொடிக்கு ஏறத்தாழ 15,700 தடவை கிடைக்கோடு வரைகிறது. அந்த அதிர்வுதான் கீச்சொலியாகக் கேட்கிறது. எனக்கு இப்போது கேட்பதில்லை, வயதானால் அந்த ஒலிதான் முதலில் காதை விட்டுப் போகும். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் கூப்பிட்டு, தள்ளி நிறுத்தி, கேட்கிறதா என்று கேளுங்கள்.

புறங்கையைத் திரைக்கு முன்னால் ஒரு விரற்கடை தூரத்தில் பிடித்துக்கொண்டு சுவிட்ச் போடுங்கள். கைமுடி சிலிர்த்து எழுந்தால் உயர் மின்னழுத்தம் பிறந்திருக்கிறது. மீட்டரும் இல்லை, ஆபத்தும் இல்லை. முடி சிலிர்க்கிறது, ஆனால் வெளிச்சம் இல்லை என்றால் கோளாறு வெளிச்சக் கட்டுப்பாட்டிலோ வீடியோ சிக்னல் வழியிலோ டியூபிலோ இருக்கும். சிலிர்க்கவே இல்லை என்றால் ஈஎச்டி (உயர் மின்னழுத்தம் உண்டாக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) பக்கமோ, அதை ஓட்டும் துடிப்போ.

அடுத்தது டெர்மினல் தானே செய்துகொள்ளும் சோதனை. விடி220 நலமாக இருந்தால் திரை நடுவே 'விடி220 ஓகே' என்று போடும். விடி100 அவ்வளவு பேசாது. கோளாறு இருந்தால் மூலையில் ஒற்றை இலக்கம் காட்டும். 1 வந்தால் கூடுதல் வீடியோ போர்டின் நினைவகம், 2 வந்தால் அமைப்புகளைச் சேமிக்கும் நினைவகம், 4 வந்தால் கீபோர்டு. இரண்டு கோளாறு சேர்ந்தால் எண்களைக் கூட்டிக் காட்டும், அதாவது 3 என்றால் ஒன்றும் இரண்டும். 2 வந்தால் பதற வேண்டாம், செட்-அப்பில் அமைப்புகளைச் சரிசெய்து ஷிஃப்ட்-எஸ் தட்டிச் சேமித்தால் பல நேரம் போய்விடும். நிரலை வைத்திருக்கும் ரோம் சிப் மாதிரி முக்கியமான இடத்தில் கோளாறு என்றால் திரைக்கே வராது. கீபோர்டில் எல்1 முதல் எல்4 வரையுள்ள விளக்குகளில் எது எரிந்து நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், எந்தச் சிப் என்பதைக் கையேட்டின் அட்டவணை சொல்லும்.

கோளாறே இல்லாத கோளாறுகள்

தட்டினால் எழுத்து வரவில்லையா? டெர்மினல் ஆன்லைனில் இருக்கும்போது, மறுமுனையில் கணினி இருந்து எழுத்தைத் திருப்பி அனுப்பினால்தான் திரையில் விழும். செட்-அப் போய் 4-ஐத் தட்டி லோக்கலுக்கு மாற்றி, வெளியே வந்து தட்டிப் பாருங்கள். லோக்கலில் வருகிறது, ஆன்லைனில் வரவில்லை என்றால் பின்பக்க 25 முனை இணைப்பில் 2, 3 ஆகிய முனைகளை ஒரு கம்பியால் இணையுங்கள். அனுப்பியது அப்படியே திரும்பி வந்தால் சீரியல் பகுதி நலம், குற்றம் கேபிளிலோ வேக அமைப்பிலோ.

திரை உறைந்துவிட்டதா? நோ ஸ்க்ரோல் விசையில் கை பட்டிருக்கலாம், கண்ட்ரோல்-எஸ் தட்டியிருக்கலாம். கண்ட்ரோல்-க்யூ தட்டினால் விடுபடும். சும்மா இருந்த திரை தானாக அணைந்துவிட்டதா? பிற்கால டெர்மினல்கள் திரையில் தழும்பு விழாமலிருக்க அப்படிச் செய்யும், ஏதாவது விசையைத் தட்டினால் விழிக்கும்.

படம் தண்ணீருக்குள் இருப்பது மாதிரி நெளிகிறதா? இது நம் ஊர்க்காரர்களுக்கே உரிய பிரச்சினை. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டெர்மினல் அமெரிக்க வழக்கப்படி 60 ஹெர்ட்ஸில் திரையைப் புதுப்பிக்கிறது. பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலத்துக்கும் திரைக்கும் தாளம் ஒத்துப்போகாததால் படம் ஆடும். செட்-அப்பில் 5-ஐத் தட்டி இரண்டாம் பக்கம் போங்கள். நான்காவது கட்டத்தின் கடைசி இலக்கம் 0 என்றால் 60, 1 என்றால் 50. குறியை அங்கே நகர்த்தி 6-ஐத் தட்டினால் மாறும். இதற்காகப் பவர் சப்ளையைப் பிரித்த ஒருவரை எனக்குத் தெரியும். நானே இல்லை, இந்தத் தடவை.

திரை வரைவதைப் படியுங்கள்

ஏதோ ஒரு வெளிச்சம் வந்தாலே டெர்மினல் பேச ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

நடுவில் ஒரே ஒரு பிரகாசமான கிடைக்கோடு: உடனே வெளிச்சத்தைக் குறையுங்கள். முழுத் திரைக்கும் பரவ வேண்டிய எலெக்ட்ரான் கற்றை ஒரே கோட்டில் குத்துகிறது, விட்டுவைத்தால் திரையின் ஒளிரும் பூச்சான பாஸ்பரில் நிரந்தரத் தழும்பு விழும். கற்றையை மேலும் கீழும் நகர்த்தும் செங்குத்து விலக்கம் செத்திருக்கிறது. யோக் (டியூபின் கழுத்தில் மாட்டிய விலக்கச் சுருள்) இணைப்பு, அங்கே உள்ள டிரை சோல்டர் (வெடித்துத் தொடர்பு விட்ட சோல்டர்), செங்குத்து அவுட்புட் டிரான்சிஸ்டர்கள், யோக்குக்குத் தொடராக இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் என்ற வரிசையில் தேடுங்கள். நல்ல செய்தி என்னவென்றால் உயர் மின்னழுத்தமும் கிடைவிலக்கமும் நலம்.

படம் மேலும் கீழும் குறுகி, மேல் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து விழுந்தால், அதே பகுதியில் காய்ந்துபோன எலக்ட்ரோலைட்டிக். நான்கு பக்கமும் சமமாகச் சுருங்கினால் செங்குத்துப் பகுதியைத் தொடாதீர்கள், சப்ளை மின்னழுத்தம் குறைவு. வெளிச்சத்தைக் கூட்டினால் படம் பலூன் மாதிரி ஊதி மங்கினால், உயர் மின்னழுத்தம் பாரம் தாங்கவில்லை. இருண்ட பட்டை ஒன்று மெதுவாக மேலேறினால் சப்ளையின் வடிகட்டிக் கெப்பாசிட்டர். படம் உருண்டோடினால் ஒத்திசைவுத் துடிப்பு வந்துசேரவில்லை, முதலில் இணைப்பிகளைக் கழற்றி மாட்டுங்கள்.

ஒற்றைச் செங்குத்துக் கோடு அபூர்வம். கிடைவிலக்கச் சுருளின் வழி எங்கோ அறுந்திருக்கிறது, பெரும்பாலும் வெடித்த சோல்டர்.

வெளிச்சமும் வடிவமும் சரி, எழுத்துகள் மட்டும் தப்பு என்றால் டிவிப் பாதியை மறந்துவிடுங்கள். லோக்கலில் ஆங்கில ஏ, பி, சி, டி, ஈ என்று தட்டினேன், திரையில் சி, பி, சி, எஃப், ஜி என்று வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஏ-யின் இருமக் குறி 1000001. வலமிருந்து இரண்டாவது இலக்கம் எப்போதும் 1 ஆகவே ஒட்டிக்கொண்டால் 1000011, அதாவது சி. பி-யிலும் சி-யிலும் அந்த இலக்கம் ஏற்கெனவே 1, ஆகவே மாறவில்லை. டி எஃப் ஆகும், ஈ ஜி ஆகும். ஒரே ஒரு பிட், ஆகவே ஒரே ஒரு நினைவகச் சிப்போ, அதன் காலோ, சாக்கெட்டோ. ஸ்க்ரூடிரைவர் தொடாமல் நாற்பது சிப்பில் ஒன்றை நோக்கி வந்துவிட்டோம்.

திரையின் ஓரங்களில் பூஞ்சை பிடித்த மாதிரி வெண்திட்டுகள் இருந்தால் அது மின்கோளாறே அல்ல. டியூபின் முகத்துக்கும் முன்னால் ஒட்டிய பாதுகாப்புக் கண்ணாடிக்கும் இடையிலுள்ள பசை கெட்டுப்போனது. கண்புரை என்றே இதைச் சொல்வார்கள். சூடாக்கி, கம்பி விட்டு அறுத்துப் பிரிக்கும் வித்தை உண்டு. புதியவர் செய்யக் கூடாத வேலை அது, அந்தக் கண்ணாடி இருப்பதே டியூப் உள்வெடித்தால் உங்கள் முகத்தைக் காக்கத்தான்.

இப்போது மூடியைத் திறக்கலாம்

உள்ளே மூன்று ஆபத்து. ஒன்று, பிக்சர் டியூபில் உயர் மின்னழுத்தம் போய்ச் சேரும் ஆனோடு: 12 இஞ்ச் கருப்பு-வெள்ளைக் குழாயில் சுமார் 12,000 வோல்ட், வண்ணக் குழாயில் 20,000-க்கும் மேல். டியூபின் உள்பூச்சும் வெளிப்புறக் கரிப்பூச்சும் கண்ணாடியை நடுவில் வைத்து ஒரு கெப்பாசிட்டராகிவிடுகின்றன. அதனால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னேற்றம் தங்கும். இரண்டு, சுவிட்ச்மோடு சப்ளையின் முதல்நிலைக் கெப்பாசிட்டர்: 230 வோல்ட்டை நேர்மின்னாக்கினால் சுமார் 325 வோல்ட். என் கணக்கில் இதுதான் மோசமானது. ஆனோடு ஷாக்கில் கை தானே விலகிப் பலகையில் இடித்துக் கிழியும், இதுவோ நெஞ்சு வழியாகப் போனால் ஆளையே முடிக்கும். மூன்று, வெற்றிடம். டியூபைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கக் கூடாது, கழுத்தில் ஸ்பேனர் விழக் கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

மோதிரம், கடிகாரம், கழுத்துச் சங்கிலி கழற்றிவிடுங்கள். காலில் செருப்பு, உலர்ந்த தரை, வீட்டில் இன்னொரு ஆள், அவருக்கு மெயின் சுவிட்ச் எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். சிப்களைக் காக்க நிலைமின் கைப்பட்டை கட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒன்று: மின்சாரம் ஓடும்போதும், டியூபில் தங்கிய மின்னேற்றத்தை இறக்கி வெறுமையாக்கும் முன்னும் அந்தப் பட்டை கையில் இருக்கவே கூடாது. அது உங்களைப் பூமியோடு கட்டிப்போடுகிறது.

டியூபை வெறுமையாக்கும் முறை:

1. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பிளக் முனையை உங்கள் கண்ணுக்குத் தெரியும்படி மேசைமேல் வையுங்கள். பத்து நிமிஷம் ஆறவிடுங்கள்.

2. டியூபின் முதுகில் கரிப்பூச்சின் மேல் குறுக்காக ஓடும் உறையில்லாத பின்னல் கம்பியைக் கண்டுபிடியுங்கள். கிளிப் கம்பியின் ஒரு முனை அதில், மறுமுனை நீளமான, நல்ல காப்புப் பிடியுள்ள தட்டை ஸ்க்ரூடிரைவரின் தண்டில். மாட்டும் முன் அந்தக் கிளிப் கம்பியை மீட்டரில் வைத்து 'பீப்' வருகிறதா என்று பாருங்கள். வெளியே பளபளப்பாக இருந்து உள்ளே அறுந்த கம்பி என் பெட்டியிலேயே இரண்டு கிடந்தது. சிப்கள் உள்ள பலகையின் கிரவுண்டில் கிளிப்பை மாட்டாதீர்கள், பாயும் மின்துடிப்பு அவற்றைச் சாகடிக்கும்.

3. ஒரு கை பாக்கெட்டில். மறு கையால் ஸ்க்ரூடிரைவரைப் பிடியின் பின்பக்கமாகப் பிடித்து, சிவப்பு வயர் போய்ச் சேரும் ரப்பர் தொப்பியின் கீழே மெல்ல நுழைத்து, உள்ளே இருக்கும் உலோகக் கொக்கி தட்டுப்படும்வரை தள்ளுங்கள். கண்ணாடியைக் கீறக் கூடாது, நெம்பக் கூடாது. 'டக்' என்று ஒரு சத்தம் வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டால் பட்டிருக்கிறது என்று நம்பாமல், உலோகத்தில் உலோகம் உரசும் உணர்வு கைக்கு வரும்வரை பாருங்கள்.

4. ஐந்து பத்து நிமிஷம் கழித்து இன்னொரு முறை. கண்ணாடிக்குள் ஊறிக் கிடந்த மின்னேற்றம் திரும்ப மேலே வரும். இரண்டாவது முறையும் மெல்லிய 'டிக்' கேட்டபோதுதான் நான் இந்தப் படியை மதிக்க ஆரம்பித்தேன்.

உயர் மின்னழுத்தப் புரோப் கிடைத்தால் இன்னும் நல்லது. அதன் கிரவுண்டு கிளிப்பைப் பின்னல் கம்பியில் மாட்டி, முனையைத் தொப்பிக்குள் வைத்தால் முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே சத்தமில்லாமல் வெறுமையாக்கலாம். சாதாரண மல்டிமீட்டரை ஆனோடில் வைக்கவே கூடாது.

சப்ளையின் பெரிய கெப்பாசிட்டரை முதலில் மீட்டரில் பாருங்கள். மின்னழுத்தம் இருந்தால் ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாமல், 230 வோல்ட் இழை பல்பின் இரண்டு கம்பியை வைத்து இறக்கி, மறுபடி அளந்து உறுதி செய்யுங்கள்.

உங்கள் ஊரில் பழைய டிவி மெக்கானிக் இருந்தால் முதல் தடவை அவர் கூட உட்கார்ந்து இதைச் செய்யுங்கள். 2006-இலிருந்து தமிழ்நாட்டில் வீடு வீடாகப் போன 14 இஞ்ச் இலவச வண்ணத் தொலைக்காட்சிகளைத் திறந்து பழகிய கைகள் இன்னும் இருக்கின்றன. டெர்மினல் என்றால் அவருக்குத் தெரியாமலிருக்கலாம், ஈஎச்டி தெரியும்.

கரண்ட் இல்லாமல் அளப்பது

முதலில் மீட்டர் வேண்டாம், பூதக்கண்ணாடி போதும். ஈஎச்டி டிரான்ஸ்ஃபார்மரின் கால்கள், யோக் இணைப்பி, கனமான எல்லா உறுப்புகளின் கால்களையும் சோல்டர் பக்கம் பாருங்கள். காலைச் சுற்றி மெல்லிய கரு வளையம் தெரிந்தால் அது டிரை சோல்டர். பழைய ஈயத்தை உறிஞ்சிவிட்டுப் புதிதாக வையுங்கள். நான் சரிசெய்த திரைகளில் பாதிக்கு இதுவே போதுமானதாக இருந்தது.

ஃபியூஸ் போயிருந்தால், அல்லது சப்ளை 'டிக் டிக்' என்று துடித்தால், ஈஎச்டியையும் கிடைவிலக்கத்தையும் ஓட்டும் ஹரிசாண்டல் அவுட்புட் டிரான்சிஸ்டரைப் பாருங்கள். மீட்டரின் டயோடு நிலையில் அதன் கலெக்டர் காலுக்கும் எமிட்டர் காலுக்கும் இடையே இருபுறமும் சுழி காட்டினால் ஷார்ட். பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே சுழி காட்டினால் மட்டும் அவசரப்படாதீர்கள். அங்கே ஓட்டும் டிரான்ஸ்ஃபார்மரின் சுருள் குறுக்கே இருப்பதால் நல்ல டிரான்சிஸ்டரும் அப்படித்தான் காட்டும். நல்லதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டி அதையும் சந்தேகித்த அனுபவம் எனக்கு உண்டு. டிரான்சிஸ்டர் நிஜமாகவே ஷார்ட் என்றால், மாற்றிவிட்டு நேராகக் கரண்ட் கொடுக்காதீர்கள், சீரிஸ் பல்ப் வழியாகவே கொடுங்கள். ஈஎச்டியில் சுருள் ஷார்ட் ஆகியிருந்தால் புது டிரான்சிஸ்டரும் ஒரு நொடியில் போகும். அந்த ஷார்ட்டை ஓம் மீட்டர் காட்டாது. ஒரு சுற்று ஒட்டிக்கொண்டதால் குறையும் தடை அளக்க முடியாத அளவு சின்னது.

எல்லாக் கெப்பாசிட்டரையும் ஒரே மூச்சில் மாற்றும் நோய் ஒன்று இருக்கிறது. எனக்கும் இருந்தது. நாற்பது கெப்பாசிட்டரை மாற்றும்போது ஒன்றையாவது திருப்பி மாட்டுவோம், ஒரு இடத்திலாவது பலகையின் செம்புத் தடம் உரியும், அப்புறம் பழைய கோளாறோடு நாமே செய்த கோளாறும் சேரும். திரை காட்டிய பகுதியில் மட்டும், கெப்பாசிட்டரின் உள்தடையைக் காட்டும் ஈஎஸ்ஆர் மீட்டர் வைத்து அளந்து மாற்றுங்கள். மின்னழுத்த மதிப்பு அதேயோ கூடுதலோ, வெப்ப மதிப்பு 105 பாகை. கழற்றும் முன் ஒவ்வொன்றின் எதிர்முனைக் கோடும் தெரியும்படி புகைப்படம் எடுங்கள்.

கரண்ட் இருக்கும்போது

புதியவர் மூடி திறந்த நிலையில் அளக்க வேண்டியது சப்ளையின் குறைந்த மின்னழுத்தங்கள் மட்டுமே. விடி100-இல் +5, +12, -12. மீட்டரின் கறுப்பு முனையைக் கிளிப்பால் கிரவுண்டில் மாட்டிவிட்டு, அணைத்து வைத்தே சிவப்பு முனையையும் கிளிப்பால் மாட்டி, கையை எடுத்த பிறகு சுவிட்ச் போடுங்கள். படித்துவிட்டு அணைத்து அடுத்த இடம். மெதுவான வேலைதான், ஆனால் முனை வழுக்கிப் பக்கத்துக் காலைத் தொட்டு ஷார்ட் ஆகும் பேச்சுக்கே இடமில்லை. 5 வோல்ட் 4.7-க்குக் கீழே இருந்தால் சிப்களைக் குறை சொல்லும் முன் சப்ளையைச் சரிசெய்யுங்கள்.

ஹரிசாண்டல் அவுட்புட்டின் கலெக்டரை அளக்காதீர்கள், அங்கே பல நூறு வோல்ட் துடிப்புகள் மீட்டரைக் கொல்லும். சப்ளையின் மெயின்ஸ் பக்கத்தில் ஆசிலாஸ்கோப்பின் கிரவுண்டு கிளிப்பை மாட்டாதீர்கள், அது நேராக ஷார்ட். படத்தைப் பிரகாசமாக்க உயர் மின்னழுத்தத்தை ஏற்றும் யோசனையே வேண்டாம், எக்ஸ் கதிர் பற்றிய எச்சரிக்கை அந்தப் பலகையில் ஒட்டியிருப்பது அலங்காரத்துக்கு அல்ல. ஈஎச்டி போய்விட்டது, டியூபைக் கழற்றி மாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு வந்தால் அங்கே நிறுத்திவிட்டு, செய்து பழகியவரிடம் கொண்டுபோங்கள்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க

லோக்கலில் வைத்து, எஸ்கேப் விசை, அப்புறம் #, அப்புறம் 8. கணினி இணைப்பே தேவையில்லை. திரை முழுக்க ஆங்கில ஈ எழுத்து நிரம்பும்: 24 வரி, வரிக்கு 80, மொத்தம் 1,920. மூலைகளில் உள்ள ஈ நடுவில் உள்ளதைப் போலவே இருக்கிறதா, மூன்று கிடைக்கோடும் பிரிந்து தெரிகிறதா என்று பாருங்கள். மூலை மங்கினால் ஃபோகஸ், ஒரு பக்கம் அகலம் மறுபக்கம் குறுகல் என்றால் நேர்கோட்டுத் திருத்தம். இந்தத் திருகுகளைப் பிளாஸ்டிக் கருவியால் மட்டும், ஒரு நேரத்தில் கால் சுற்று.

பிறகு மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் இடையிலுள்ள உயரத்தை ஸ்கேலால் அளந்து, ஒரு துண்டுத் தாளில் நேரத்தோடு எழுதி ஓரமாக ஒட்டுங்கள். மூடியைப் போட்டு ஒரு மணி நேரம் ஓடவிட்டு மறுபடி அளங்கள். கடைசியாக என் மேசைக்கு வந்த ஒன்று தொடக்கத்தில் 15 சென்டிமீட்டர் காட்டியது, ஒரு மணி நேரத்தில் 14 ஆகிவிட்டது. செங்குத்துப் பகுதியில் நான் அளக்காமல் விட்ட ஒரு சின்ன கெப்பாசிட்டர் சூடு ஏற ஏறச் சோர்ந்துகொண்டிருந்தது. மறுபடி பிளக்கைப் பிடுங்கி, பத்து நிமிஷம் ஆறவிட்டு, கிளிப் கம்பியை மீட்டரில் வைத்து 'பீப்' கேட்டுவிட்டுத்தான் மூடியில் கை வைத்தேன்.